ரங்கூனில் இருந்துகொண்டு ஒரு பழைய வசனகர்த்தாவைப் பற்றி எழுதுவது எப்படி

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் நாங்கள் நடத்தும் தமிழ் வகுப்பில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். மாதம் ஒரு பிள்ளை எழுந்து நின்று, தமிழுக்கு ஏதாவது செய்த ஒருவரைப் பற்றிக் கால் மணி நேரம் பேச வேண்டும். திருவள்ளுவர், ஔவையார், பாரதியார் என்று அதே பெயர்கள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. ஒரு நாள் வகுப்பு முடிந்து பாய் சுருட்டும்போது ஒரு பெண் என்னிடம் வந்து, "டீச்சர், பராசக்தியில சிவாஜி கோர்ட்டுல பேசுறாரே, அது அவரா யோசிச்சுப் பேசுறதா?" என்று கேட்டாள். வீட்டில் பாதி பர்மிய மொழியும் பாதி தமிழும் பேசி வளர்கிற பிள்ளை அவள். படத்தை அவளுடைய தாத்தா போனில் போட்டுக் காட்டியிருக்கிறார். பேசுகிறவர் வேறு, பேச்சை எழுதியவர் வேறு என்பதை அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

அன்றிலிருந்து வசனகர்த்தாக்களைப் பற்றியும் எழுதவைக்க ஆரம்பித்தோம். புத்தகக் கடையும் தமிழ் நூலகமும் கைக்கெட்டாத ஊரில் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியும் என்று இப்போது தைரியமாகச் சொல்வேன். எப்படி என்பதை மு. கருணாநிதியை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். அரசியல்வாதியாக அவரை எல்லோருக்கும் தெரியும், அது இங்கே தேவையான அளவுக்கு மட்டும் வரும். 1947க்கும் 1964க்கும் நடுவில் படக் கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுத்த மனிதர்தான் நமக்கு வேண்டியவர். நம் ஊர்க்காரர்கள் அவரிடமிருந்து தொடங்குவதற்கு இன்னொரு நல்ல காரணமும் உண்டு. பராசக்தியின் கதையே ரங்கூனிலிருந்துதான் புறப்படுகிறது.

முதலில் ஒரு வேலை: கதை, திரைக்கதை, வசனம் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். இதில் தவறினால் மீதி எல்லாமே தவறிப்போகும். பராசக்தியின் மூலக் கதை பாவலர் பாலசுந்தரம் எழுதிய நாடகம். மனோகரா பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம், கருணாநிதி பிறப்பதற்கு முன்பே மேடையேறியது. மலைக்கள்ளன் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் நாவல். மந்திரிகுமாரியின் கரு குண்டலகேசியிலிருந்து வந்தது. பிள்ளைகள் முதலில் எழுதிக்கொண்டு வரும் கட்டுரையில் "இவர் எழுதிய கதைகள்" என்று இத்தனையும் வரிசையாக இருக்கும். அப்போது நான் கேட்பேன்: கதை வேறொருவருடையது என்றால் இவர் செய்தது என்ன? அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் கட்டுரை.

மந்திரிகுமாரியையே எடுத்துக்கொள்ளுங்கள். குண்டலகேசியின் கதையில் கணவன் மனைவியை மலை உச்சிக்குக் கூட்டிப்போய்த் தள்ளப் பார்க்கிறான், அவள் கடைசியாக உங்களை வலம் வந்துகொள்கிறேன் என்று சொல்லிப் பின்னால் போய் அவனையே தள்ளிவிடுகிறாள். 1950இல் வந்த படத்திலும் உச்சிப்பாறை இருக்கிறது, தள்ளுவதும் இருக்கிறது. ஆனால் அந்தக் கணவன், எஸ்.ஏ. நடராஜன் நடித்த பார்த்திபன், ராஜகுருவின் மகன். கொள்ளை அடிப்பதை ஒரு கலை என்று அலட்டிக்கொள்ளாமல் வாதாடுகிறவன். பழைய கதையின் திருடனுக்கு இந்த வாய்ச்சாலகம் வந்து சேர்ந்துவிட்டது. எழுதியவரின் கை இங்கேதான் தெரிகிறது. மூலத்தையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மாறாமல் இருக்கிறது, எது புதிதாக வந்தது என்று இரண்டு பத்தியாகக் குறியுங்கள். ஒரு படத்துக்குச் செய்தால் போதும், எல்லாப் படத்துக்கும் செய்ய வேண்டாம்.

அடுத்தது எழுத்து அட்டை. படம் தொடங்கியதும் ஓடும் பெயர்களைத்தான் சொல்கிறேன், நாம் எல்லோரும் தள்ளிவிட்டு நேராகப் படத்துக்குப் போகிற இடம். அங்கே நிறுத்தி நிறுத்தி, பென்சிலால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எந்த வார்த்தை போட்டிருக்கிறார்களோ அதே வார்த்தை. ஒரு வசனகர்த்தாவின் வளர்ச்சி அந்த அட்டைகளில்தான் இருக்கிறது. 1947இல் வந்த ராஜகுமாரி ஜூபிடர் கம்பெனியின் படம், எம்.ஜி.ஆர் கதாநாயகனாக வந்த முதல் படம், இயக்கியவர் ஏ.எஸ்.ஏ. சாமி. அதில் கருணாநிதிக்குக் கிடைத்த இடம் உதவி என்பதுதான். அடுத்த வருஷம் வந்த அபிமன்யுவில் எழுதிய வேலைக்கு அவர் பெயரே திரையில் வரவில்லை. இருபது சொச்சம் வயது ஆள், படம் பார்க்கப் போய் உட்கார்ந்து, பெயர் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார், வரவில்லை. நான்கு வருஷம் கழித்து நிலைமை தலைகீழ். பராசக்தி சமயத்தில் வசனகர்த்தாவின் பெயருக்காகவே தியேட்டருக்குப் போனவர்கள் இருந்தார்கள், வசனம் தனிப் புத்தகமாக விற்றது. இந்த நான்கு வருஷத்தை எழுதினாலே உங்கள் கட்டுரைக்கு முதுகெலும்பு வந்துவிடும்.

வாழ்க்கைக் குறிப்புக்கு வருகிறேன். இதை எங்கள் பிள்ளைகள் மூன்று கட்டம் போட்டு எழுதுகிறார்கள். முதல் கட்டத்தில் அவருடைய வாழ்க்கை, இரண்டாவதில் படங்கள், மூன்றாவதில் பர்மாவில் அந்த வருஷம் நமக்கு என்ன நடந்தது. மூன்றாவது கட்டம் எதற்கு என்று கேட்கலாம். அது இல்லாமல் எழுதினால் வருஷங்கள் பிள்ளைகளுக்கு வெறும் எண்ணாகவே இருந்துவிடுகின்றன, மனதில் ஒட்டுவதில்லை. கட்டம் போட்டு எழுதிப் பார்த்த பிறகு எனக்கே சில இடங்களில் மனம் நின்றுவிட்டது.

1924 ஜூன் 3, திருக்குவளையில் பிறப்பு, அப்போதைய தஞ்சாவூர் ஜில்லா, பெற்றோர் முத்துவேலர், அஞ்சுகம் அம்மையார். இசை வேளாளர் குடும்பம் என்பதால் சிறுவயதில் நாகசுரம் கற்க அனுப்பினார்கள். இதை விட்டுவிடாதீர்கள், பின்னால் வசனத்தின் தாளத்தைப் பற்றி எழுதும்போது இந்த ஒரு வரி கை கொடுக்கும். திருவாரூரில் பள்ளிப்படிப்பு. பள்ளியில் சேர்த்துக்கொள்ளாவிட்டால் கமலாலயக் குளத்தில் குதித்துவிடுவேன் என்று சொல்லி இடம் வாங்கினார் என்பது அவரே பலமுறை சொன்ன கதை. ஆகவே "அவரே சொன்னது" என்று போட்டு எழுத வேண்டும். பள்ளி நாளிலேயே கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். 1942 ஆகஸ்ட் 10 அன்று முரசொலி துண்டறிக்கையாகத் தொடங்கியது, அப்போது வயது 18. மூன்றாவது கட்டத்தைப் பாருங்கள். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது, 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. திருவாரூர்ப் பையன் முதல் துண்டறிக்கையை அச்சுக்குக் கொடுத்த அதே வருஷத்தில் நம் கொள்ளுத்தாத்தாமார் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, தமு வழியாக மணிப்பூர்ப் பக்கமும், அரக்கான் மலையைத் தாண்டிச் சிட்டகாங் பக்கமும் நடந்துகொண்டிருந்தார்கள். லட்சக்கணக்கில் கிளம்பினார்கள், வழியிலேயே விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். பத்து வருஷம் கழித்து அந்தப் பையன் எழுதிய படத்தில் அந்த நடையும் வருகிறது.

மற்ற வருஷங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டில் பெரியாரின் குடியரசு பத்திரிகையில் துணையாசிரியர் வேலை, நாடகம் எழுதியது, நடித்தது, பிறகு கோவையில் ஜூபிடர், சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ். 1950இல் மருதநாட்டு இளவரசி, மந்திரிகுமாரி. 1951இல் மணமகள். 1952 அக்டோபர் 17, தீபாவளி அன்று பராசக்தி, இயக்கம் கிருஷ்ணன்–பஞ்சு, நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியாரும் ஏவி.எம்மும் சேர்ந்து எடுத்தது. 1953இல் டால்மியாபுரம் என்ற ஊர்ப் பெயரை மாற்றக் கோரிய கல்லக்குடிப் போராட்டம், சிறை. 1954இல் மனோகரா, மலைக்கள்ளன். 1957இல் குளித்தலையிலிருந்து சட்டமன்றம். 1964இல் பூம்புகார். 1969இல் முதலமைச்சர். அதற்குப் பிறகும் பட வேலையை அவர் விடவில்லை, மொத்தம் எழுபதுக்கு மேல் போகும். 2018 ஆகஸ்ட் 7 அன்று மறைவு. மூன்றாவது கட்டத்தில் 1964க்கு நேராக என்ன எழுத வேண்டும் என்று யாங்கூன் தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மார்ச் மாதம் கடைகள் எல்லாம் அரசுடைமை ஆயின, மறுபடியும் கப்பல், மறுபடியும் மதராஸ்.

அவருடைய தன்வரலாறு நெஞ்சுக்கு நீதி ஆறு பாகம். கிடைத்தால் முதல் பாகத்தில் சினிமா வருகிற பக்கங்களைப் படியுங்கள். ஆனால் தன்வரலாறும் ஒரு சாட்சிதான். படத்தின் எழுத்து அட்டை, அந்தக் காலத்து வசனப் புத்தகம், கூட வேலை செய்தவர்கள் சொன்னது, இவற்றில் ஏதாவது ஒன்றாவது பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு இடத்தில் வருஷம் மாறுபட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள், கட்டுரை ஒன்றும் குறைந்துபோகாது. "முதன்முதலாக", "தமிழ்த் திரையிலேயே முதல்" என்று தொடங்கும் வாக்கியம் எது கண்ணில் பட்டாலும் சந்தேகப்படுங்கள். அதற்கு ஒரு உதாரணம் பின்னால் சொல்கிறேன்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த வேலை, காதால் கேட்டு எழுதுவது. ஒரு வசனகர்த்தாவைத் தெரிந்துகொள்ள இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒலியை மட்டும் கேளுங்கள். முகம் தெரியக் கூடாது. சிவாஜியின் கண்ணும் புருவமும் தெரிந்தால் வசனம் காதில் விழாது, நடிப்பு எல்லாவற்றையும் விழுங்கிவிடும். மூன்று முறை கேட்டுவிட்டு நான்காவது முறை நிறுத்தி நிறுத்திக் கையால் எழுதுங்கள். தட்டச்சு வேண்டாம். மூச்சு விடும் இடத்தில் ஒரு சாய்கோடு போடுங்கள்.

பராசக்தியின் கோர்ட்டுக் காட்சியை எங்கள் வகுப்பில் இப்படித்தான் எழுதினோம், மூன்று ஞாயிறு ஆனது. எழுதி முடித்த தாளைக் கரும்பலகையில் ஒட்டிவிட்டுப் பார்த்தபோதுதான் பல விஷயம் புலப்பட்டது. சிவாஜி நடித்த குணசேகரன் தன்மேல் சுமத்திய குற்றத்தை மறுக்கவே இல்லை. செய்தேன், செய்தேன் என்று ஒத்துக்கொண்டே போகிறான். ஒத்துக்கொண்ட பிறகு "அதற்காக அல்ல, இதற்காக" என்று ஒரு திருப்பம். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் தலையாட்டிக்கொண்டே வந்து கடைசிச் சொல்லில் மாட்டிக்கொள்கிறார்கள். கோயில், கொடியவர், கூடாரம் என்று ஒரே ககரத்தில் மூன்று சொல் அடுத்தடுத்து வருவதை ஒரு பையன் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டான். அவனுக்கு மோனை என்றால் என்ன என்று அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தேன், யாப்பு வகுப்பில் மூன்று மாதமாக அவன் மண்டையில் ஏறாத விஷயம். தங்கை கல்யாணியைப் பற்றிச் சொல்லும்போது ஓடினாள் என்ற ஒரே வினையைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஒவ்வொரு தடவையும் அவளை இன்னும் கொஞ்சம் விளிம்புக்குத் தள்ளுகிறார். சாய்கோடுகளை எண்ணிப் பாருங்கள், மூச்சுகள் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்கும். நாகசுரம் கற்ற வீட்டுப் பிள்ளை என்ற வரியை இந்த இடத்தில் எடுத்து வையுங்கள்.

இப்படி யாராவது நிஜ வாழ்க்கையில் பேசுவார்களா என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். பேசமாட்டார்கள். அது மேடைத் தமிழ். நாடகக் கம்பெனியிலிருந்து வந்த நடிகர்கள், கூட்ட மேடையிலிருந்து வந்த எழுத்தாளர்கள், இரண்டு பேருக்கும் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதுதான் பயிற்சி. சி.என். அண்ணாதுரை எழுதிய வேலைக்காரி 1949இல் வந்தது, அதிலும் கோர்ட்டு உண்டு, கே.ஆர். ராமசாமி வாதாடுவார். ஆகவே "கோர்ட்டில் பேசவைத்த முதல் ஆள்" என்று கருணாநிதியைப் பற்றி எழுதினால் தவறு. முன்பே சொன்ன எச்சரிக்கைக்கு உதாரணம் இதுதான். முதல் என்பதை விட்டுவிட்டு, வேலைக்காரியின் கோர்ட்டையும் பராசக்தியின் கோர்ட்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு வேறுபாட்டை எழுதுங்கள். கேட்டுவிட்டு எழுதிய ஒரு பத்தி, பத்துப் பாராட்டுச் சொல்லைவிட மேல்.

ஒப்பிடுவது என்று வந்துவிட்டதால் இன்னொருவரைச் சொல்லாமல் போக முடியாது. இளங்கோவன். இயற்பெயர் தணிகாசலம். இன்றைக்கு அவர் பெயரைச் சொன்னால் நம் ஊரில் பத்துப் பேரில் ஒருவருக்குத் தெரிந்தால் அதிகம், எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம். 1937இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய அம்பிகாபதிக்கு வசனம் எழுதியவர் அவர். டங்கனுக்குத் தமிழ் தெரியாது, காதல் காட்சிகளுக்கு ரோமியோ ஜூலியட்டைப் பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறார், இவரும் அதைத் தமிழாக்கி இறக்கியிருக்கிறார். படத்தில் பாட்டே பிரதானம், நடுவில் ஏதோ கொஞ்சம் பேச்சு என்று இருந்த காலம் அது, வசனத்தையும் காது கொடுத்துக் கேட்கவைத்தவர்களில் அவர் முக்கியமானவர். அசோக்குமார், சிவகவி, ஹரிதாஸ் என்று எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த படங்கள், நடுவில் 1942இல் கண்ணகி.

அந்தக் கண்ணகியைக் கேளுங்கள். கண்ணகியாக நடித்தவர் பி. கண்ணாம்பா, தாய்மொழி தெலுங்கு. பாண்டியன் சபையில் அவர் பேசுவதைக் கேட்டால் அதை நம்புவது கஷ்டம். பன்னிரண்டு வருஷம் கழித்து அதே கண்ணாம்பா மனோகராவில் மகனைப் பார்த்துப் பொங்கி எழச் சொல்லும் தாய் பத்மாவதி, இப்போது எழுதியவர் கருணாநிதி. வாய் ஒன்றுதான், பேனா இரண்டு. ஒரே நடிகைக்கு இரண்டு வசனகர்த்தாக்கள் எழுதியதை அடுத்தடுத்துக் கேட்பது போல நல்ல பாடம் வேறு கிடையாது, ஏனென்றால் குரலால் வருகிற வேறுபாடு கழிந்துபோய் எழுத்தால் வருகிற வேறுபாடு மட்டும் நிற்கிறது. அதோடு, அதே கண்ணகி கதையை 1964இல் பூம்புகார் என்று கருணாநிதியும் எழுதினார், அதில் கண்ணகி விஜயகுமாரி. நம் மூன்றாவது கட்டத்தில் 1942க்கும் 1964க்கும் நேராக என்ன இருக்கிறது என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். ஊரை விட்டுக் கிளம்பி வந்து அநியாயத்தில் மாட்டிக்கொண்ட பெண்ணின் கதை, நம்மவர்கள் ஊரை விட்டுக் கிளம்பிய இரண்டு வருஷத்திலும் படமாக வந்திருக்கிறது. இது வெறும் தற்செயல்தான், இதில் பெரிய பொருள் தேடி எழுத வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் எனக்கு அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் தொண்டை அடைக்கிறது.

சரி, இனி வெளியே போகிற வேலை. பெரியவர்களைப் பார்த்துப் பேசாமல் ரங்கூனிலிருந்து இந்தக் கட்டுரையை எழுதுவதில் அர்த்தம் இல்லை, மதராஸில் இருப்பவர்கள் எழுதக்கூடியதையே நாமும் எழுதுவதற்கு நாம் எதற்கு? பழைய பிரேசர் தெரு, அதாவது இப்போதைய அனோரத்தா சாலை, காளியம்மன் கோயில் பக்கம் சாயங்காலம் போனால் எண்பது தாண்டியவர்கள் இன்னும் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். பழைய முகல் தெருப் பக்கமும் கேட்டுப் பாருங்கள், செட்டியார் கிட்டங்கிகள், அதாவது வட்டிக்கடைகள், இருந்த தெரு.

எப்படிக் கேட்பது என்பது முக்கியம். நான் முதல் தடவை ஒரு பெரியவரிடம் நோட்டைத் திறந்துகொண்டு, "ஐயா, பராசக்தி எந்த வருஷம் பார்த்தீங்க, எந்தத் தியேட்டர்?" என்று ஆரம்பித்தேன். அவர் விசாரணைக்கு வந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்து, ஞாபகம் இல்லையம்மா என்று சொல்லிவிட்டார், அவ்வளவுதான். அடுத்த வாரம் நோட்டு இல்லாமல் போனேன். டீக்கடையில் உட்கார்ந்து, கோர்ட்டு வசனத்தின் முதல் வரியை வேண்டுமென்றே கொஞ்சம் தப்பாகச் சொன்னேன். சட்டென்று திருத்தினார். திருத்தியவர் நிறுத்தவில்லை, டீ ஆறிப்போகும்வரை சொன்னார், பக்கத்து மேசையில் இருந்த பர்மியர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஆகவே ஞாபகம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். வசனத்தைச் சொல்லச் சொல்லுங்கள். வசனம் வந்தால் தியேட்டரும் வரும், கூடப் போன அண்ணனும் வருவார், மழையும் வரும்.

அந்தப் பெரியவர் வீட்டில்தான் அந்த நோட்டைப் பார்த்தேன். கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு, அட்டை போய்விட்டது, மேலே பர்மியச் செய்தித்தாளில் உறை போட்டு நூலால் தைத்திருக்கிறார்கள். பராசக்தி வசனப் புத்தகத்தை யாரிடமோ ஒரே ஒரு ராத்திரிக்கு இரவல் வாங்கி, அவருடைய அண்ணன் முழுக்க உட்கார்ந்து பார்த்து எழுதியது. முதல் பக்கங்களில் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது, போகப் போகச் சாய்ந்து, கடைசிப் பக்கங்களில் ஓடுகிறது, விடிவதற்குள் முடிக்க வேண்டுமே. ரங்கூன் என்ற சொல் வரும் இடங்களில் எல்லாம் நீல மையால் அடிக்கோடு. வேறு எந்தச் சொல்லுக்கும் அடிக்கோடு இல்லை. அண்ணன் 1964இல் கப்பலேறிவிட்டார், நோட்டு இங்கேயே தங்கிவிட்டது. ஒரு வசனகர்த்தாவின் எழுத்து எதுவரைக்கும் போய்ச் சேர்ந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் எந்த நூலகத்தில் கிடைக்கும்? உங்கள் பக்கத்து வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கலாம். பழைய நோட்டு, பாட்டுப் புத்தகம், வசன இசைத்தட்டு, எதுவாக இருந்தாலும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கேட்காதீர்கள், அங்கேயே வைத்து வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒலிப்பதிவு செய்தால் அன்றைக்கே இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். மூன்று மணி நேரப் பேச்சைப் பதிவு செய்து வைத்திருந்த என் போன் திரை உடைந்து பழுது பார்க்கக் கொடுத்தேன், கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பதிவில் இருந்த பாட்டி அதற்குள் இறந்துபோயிருந்தார். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் காகிதத்திலும் நான்கு வரி எழுதி வைப்பது நல்லது: யார், எங்கே, எந்தத் தேதி, முக்கியமாக என்ன சொன்னார்.

படத்தில் வரும் ரங்கூனையும் பெரியவர்கள் சொல்லும் ரங்கூனையும் ஒப்பிட மறக்காதீர்கள். படத்தில் ரங்கூனில் இருக்கும் மூன்று அண்ணன் தம்பிகளுக்கு மதுரையில் தங்கை கல்யாணம். யுத்தத்தால் கப்பலில் ஒரே ஒரு டிக்கெட்தான் கிடைக்கிறது, குணசேகரன் மட்டும் கிளம்புகிறான். பிறகு மற்ற இருவரும் கால்நடையாக வருகிறார்கள், ஞானசேகரன் கால் ஒன்றை இழந்து பிச்சைக்காரன் ஆகிறான். டிக்கெட் கிடைக்காதது, குடும்பத்தில் ஒருவரை மட்டும் ஏற்றிவிட்டது, நடந்துவரும் வழியில் பிரிந்துபோனது, இவை எல்லாம் எங்கள் பெரியவர்கள் சொன்னதில் அப்படியே இருக்கின்றன. ஒரு ஆச்சி என்னிடம் சொன்னார்: "படத்துல கால் போனவனைக் காட்டுறாங்க. எங்கப்பாவுக்குக் கால் இருந்துச்சு, பேச்சுத்தான் போயிடுச்சு. ஊருக்கு வந்து ஆறு மாசம் யார்கிட்டயும் பேசல." இந்த மாதிரி ஒரு வரி கிடைத்தால் உங்கள் கட்டுரையில் அதற்கு இடம் ஒதுக்கிவிட்டு, முன்னும் பின்னும் நீங்கள் எதுவும் விளக்காமல் விட்டுவிடுங்கள். அவருடைய பெயர் வேண்டாம் என்றால் போடாதீர்கள்.

இனி எழுதுவது. பிறந்த தேதியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், யாருக்கும் அடுத்த வரிக்குப் போகத் தோன்றாது. ஒரு காட்சியிலிருந்து ஆரம்பியுங்கள்: பெயர் வராத அபிமன்யு திரையிடல், அல்லது நீல அடிக்கோடு போட்ட நோட்டு. அப்புறம் பின்னால் போய்த் திருக்குவளையைச் சொல்லலாம். அரசியல் எவ்வளவு வரலாம் என்பது எப்போதும் வரும் சந்தேகம். வசனத்துக்குள் இருக்கும் அரசியல் வந்தே ஆக வேண்டும், அது இல்லாமல் பராசக்தி இல்லை. கோயில் பூசாரியைப் பற்றிய காட்சிக்காகப் படத்தைத் தடை செய்யச் சொன்னார்கள் என்பதும் வர வேண்டும். நாங்களோ கோயில் மண்டபத்தில் உட்கார்ந்துதான் இதைப் படிக்கிறோம். ஒரு பெரியவர் இதெல்லாம் இங்கே பேசலாமா என்று முதலில் தயங்கினார். கெட்டது நடக்கக் கூடாத இடம் கோயில் என்றுதானே குணசேகரன் சொல்கிறான் என்று இன்னொரு பெரியவரே பதில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு யாரும் தடுக்கவில்லை. தேர்தல், கட்சிப் பிளவு, ஆட்சி இவற்றுக்கு இரண்டு வரி போதும். புகழ்வதும் வேண்டாம், திட்டுவதும் வேண்டாம், இரண்டுக்கும் வேறு இடங்கள் நிறைய இருக்கின்றன.

நீளம் கால் மணி நேரப் பேச்சு என்றால் ஆயிரம் வார்த்தை போதும். நம் பிள்ளைகள் தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர்கள் என்பதால் பத்தி சின்னதாக இருக்கட்டும். அடுக்குமொழி, மோனை போன்ற சொல் வரும்போது பர்மிய மொழியில் வாயால் ஒருமுறை விளக்கிவிட்டு மேலே போங்கள். வசனத்தை மேற்கோளாகக் கொடுத்தால் நான்கு வரிக்கு மேல் வேண்டாம், அதையும் வாசிக்காமல் ஒரு பிள்ளையைப் பேசவையுங்கள். அன்றைக்கு என்னிடம் கேள்வி கேட்ட பெண்தான் எங்கள் மண்டபத்தில் கல்யாணியின் பகுதியைச் சொன்னாள், ஓடினாள் ஓடினாள் என்று வரும்போது கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து நாலைந்து கிழக் குரல்கள் அவளோடு சேர்ந்துகொண்டன.

முடிந்ததும் கட்டுரையை அச்செடுத்து, பேட்டி கொடுத்த பெரியவர்களுக்கு ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். எழுத்து பெரிதாக, வரிக்கு வரி இடம் விட்டு, ஒரு பக்கம் மட்டும் அச்சடித்ததாக இருக்கட்டும். கூடவே ஒரு பேனாவும் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் போனால் ஓரத்தில் திருத்தம் எழுதி வைத்திருப்பார்கள்.